மொட்டைமாடி எட்டு

தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் கண்டித்த அன்றே பாக்கியநாதன் மொட்டைமாடியில் மஞ்சள் பெயிண்டால் பெரிய எட்டு ஒன்றை வரைந்தார். இரண்டு நாள் அதன்மேல் நடந்தார். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து முந்திரி மக்ரூன் தின்றபடி, மனைவி செலின் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் எட்டின் இடுப்புக்கு வரும்போதெல்லாம் அவள் நின்று, யாருக்கோ ஒதுங்கி, பிறகு போனாள். தூறல் விட்ட ஒரு விடிகாலையில் கேட்டேவிட்டார்.

"யாருக்கு வழி விடுத?"

"உங்களுக்குத்தான்."

"நான் இங்கனல்லா உக்காந்திருக்கேன்."

"அவரு தெனமும் வாறாரு. இப்பல்லாம் மூச்சே வாங்கல. நேத்து என்னையவே முந்திட்டாரு" என்றாள் செலின், நடையை நிறுத்தாமல்.

ஈரத் தரையில் அவளுடைய சின்னத் தடங்களுக்கு நடுவே பெரிய பாதத் தடங்களும் போயிருந்தன. வாயிலிருந்த மக்ரூன் தானாகக் கரைந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய தடத்தில் மெல்லக் கால் வைத்தார். சுண்டுவிரல்வரை பொருந்தியது. அடுத்த தடம் கொஞ்சம் தள்ளியிருந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டி வைத்தார். அதுவும் பொருந்தியது.

எட்டின் இடுப்பில் செலின் நின்று ஒதுங்கினாள். அவர் கடந்து போனார். அவள் இன்னும் ஒருவர் கடந்துபோகும் நேரம் காத்திருந்தாள்.