அடுத்த வீட்டு மீன்குழம்பு

மாடக்கண்ணு ஞாயிறுதோறும் தூண்டிலோடு கண்மாய்க்குப் போவார். வெறுங்கையோடு திரும்பி, "ஒண்ணும் தேறல" என்பார். அரைமணி நேரத்தில் அடுத்த வீட்டு இசக்கிச்செல்வியின் அடுப்பில் மீன்குழம்பு மணக்கும்.

நான்கு வாரம் பொறுத்த ராமலட்சுமி, ஐந்தாம் வாரம் புருசனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய் உடைமரத்து மறைவில் நின்றாள். கரையில் அவர். பத்தடி தள்ளி, வாளியோடு இசக்கிச்செல்வி!

ராமலட்சுமி பாய்ந்து வந்தாள். "ஏட்டி, எம் புருசன் பிடிக்குத மீனு ஒன் சட்டிக்கு எப்படி வருது?"

"அண்ணாச்சி எங்கையில ஒண்ணும் தரல மதினி. தூண்டில்ல மாட்டுத ஜிலேபி மீனப் பூரா கரையில வீசுதாவ. வெயில்ல துடிச்சுச் சாவுது. தண்ணியிலயே விடுங்கன்னா, திரும்பவும் அதான் வந்து மாட்டும்ங்காவ. அதான் பெறக்கிட்டுப் போறேன்."

ராமலட்சுமி புருசனிடம் திரும்பினாள். "பிடிச்ச மீன வீட்டுக்குக் கொண்டாராம ஏன் எறியுதீய?"

மாடக்கண்ணு தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொங்கல் கழிச்சு ஜிலேபி கொண்டாந்தேன். சேத்து நாத்தம் அடிக்குன்னு சட்டியோட தெருவுல கொட்டுனது யாரு? விரால் கெடச்சாதான் வீட்டுக்குக் கொண்டாரணும்னியே. அதுக்குத்தான் காத்துக் கெடக்கேன்."

ராமலட்சுமி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். ஜிலேபிதான்.

"ஏட்டி செல்வி, இந்த மீன்லயா அந்த மணம் வருது?" என்றாள், முன்னைவிடப் பொறாமையாக.