மனிதர் இசைக்கான பரிசு

மனிதர் உருவாக்கிய இசைக்கு மட்டுமே பரிசு என்பதுதான் போட்டியின் விதி. பிரிட்டோ தன் மின்னிசைக் கருவியான சிந்தசைசரில் ராப்பகலாக உழைத்து அனுப்பிய பாட்டை, ‘இயந்திரம் செய்தது’ என்று தள்ளிவிட்டது நடுவர் கணினி. ஆத்திரத்தில் அவன், மின்னழுத்தத்தை மனம்போனபடி மாற்றிச் சுரங்களைத் தாறுமாறாக எழுப்பும் ரேண்டம் பெட்டியைச் சிந்தசைசரில் செருகிவிட்டுச் சாப்பிடப் போனான். அது தானாகக் கொட்டித் தீர்த்ததை அப்படியே பதிவுசெய்து அனுப்பினான். முதல் பரிசு வந்தது!

“மேடையில அதையே வாசிக்கணுமாம்,” என்றாள் மனைவி ஜெசிந்தா.

“அந்தப் பெட்டிக்கே அது திரும்ப வராதேடி!”

வேறு வழியின்றி, விரல் வீங்க வீங்கப் பழகி, மேடையில் வாசித்துக் காட்டினான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

“ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. வாசித்தது மனிதர் அல்ல,” என்று பரிசைப் பறித்துக்கொண்டது நடுவர் கணினி.