நான்காவது துண்டு

ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜாஸ்மின், சேத்தூர்க் கிடாவெட்டு வீடியோவை ஏஐ-யிடம் கொடுத்தாள். அதுவே துண்டு துண்டாகப் பிரித்து எடிட் செய்துவிடும். அருவாள் விழுகிற இடங்களை மட்டும் தனியாக எடுத்துவைக்கச் சொன்னாள்.

வெட்டியது மூன்று கிடா. அது எடுத்துவைத்திருந்ததோ நான்கு துண்டு.

நான்காவதைத் திறந்தாள். அவளுடைய ஸ்டுடியோவே தெரிந்தது. நீலத் துணிக்கு முன்னால் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அருவாள் அவன் கழுத்தில் மூன்று முறை இறங்கியது. நீலத் துணி முழுக்க ரத்தம் தெறித்தது.

பதினொரு மணிக்கு வீடியோ வாங்கப் பாண்டிதுரை வந்தான். கிடாவெட்டில் பங்காளியின் மண்டையை உடைத்தவன். மஞ்சள் சட்டை போட்டிருந்தான்.

"எக்கா, அப்படியே ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துருங்க" என்று ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"இன்னைக்கு வேண்டாம்யா. வீட்டுக்குப் போ."

"செத்த நேரந்தானக்கா."

அவன் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. போட்டோவுக்கு வருகிறவர்களுக்கென்று ஆணியில் மாட்டியிருந்த கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டினாள். "சட்டை தெரியாம இதப் போட்டுக்கோ."

நான்காவது துண்டு திருத்தப்பட்டது என்று கம்ப்யூட்டரில் வந்தது. ஓட்டிப் பார்த்தாள். இப்போது வெட்டுப்படுகிறவன் கறுப்புக் கோட்டில் இருந்தான். மல்லாந்து விழுந்தான். கோட்டின் மேல் பட்டன் மட்டும் போடாமல் கிடந்தது.

வாசலில் இரண்டு பைக்குகள் வந்து நின்றன.

"மேல் பட்டனைப் போடு" என்றாள் ஜாஸ்மின்.

பாண்டிதுரை குனிந்து தடவிப் பார்த்தான்.

"இதுல மேல் பட்டனே இல்லையேக்கா."