மூன்றாம் அத்தியாயத்துக் கொலைகாரி

“கொலைகாரி வீடு எதுன்னு ஒரு வெளிநாட்டுப் பொண்ணு பஸ் நிறுத்தத்துல கேட்டுக்கிட்டு நின்னுது. உங்க வீட்டைத்தான் காட்டிவிட்டிருக்கேன்” என்றார் தபால்காரர், கிசெல்லாவிடம்.

கிசெல்லாவுக்கு வாயெல்லாம் பல். உதட்டுச் சாயம் பூசிக்கொள்ள உள்ளே ஓடினாள். எழுபத்திரண்டு வயதில் அப்படி ஓர் ஓட்டம்.

வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து செர்ரிப் பழங்களுக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த யோலானுக்கு வயிறு எரிந்தது. இந்தக் கோடையில் இது ஐந்தாவது ஆள்.

ஹங்கேரியில் திஸா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரை வைத்து, முப்பது வருடங்களுக்கு முன்னால் வெண்டல் என்ற எழுத்தாளர் ஒரு நாவல் எழுதினார். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் ஒருத்தி விஷம் வைத்த பீன்ஸ் சூப் கொடுத்துப் புருஷனைக் கொன்றுவிடுகிறாள். பிறகு, சவ ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம் சுருதி சேரவில்லை என்று நகரசபையில் போய்ப் புகார் கொடுக்கிறாள். நகரசபை அவளிடம் மன்னிப்புக் கேட்டு, ‘சிறந்த இல்லத்தரசி’ பதக்கமும் கொடுத்து அனுப்புகிறது.

அப்போது ஊரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. வெண்டலும் காலமாகிவிட்டார். ஆறு வருடங்களுக்கு முன்னால் அது ஜெர்மன் மொழியில் வந்தது. அங்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பிரெஞ்சில் வந்தது. படித்தவர்கள் ஊரைப் பார்க்கக் கிளம்பி வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்த ஜெர்மன்காரரிடம், தேவாலய வாசலில் நின்றிருந்த கிசெல்லாவைக் காட்டி, “இந்தம்மாதான் அது” என்று யாரோ விளையாட்டாகச் சொல்லிவைத்தார்கள். அவள் மறுக்கவில்லை. ஒரு மாதிரியாகச் சிரித்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அவளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், சாக்லேட் கொண்டுவருகிறார்கள், புத்தகத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவள் புருஷன் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் செத்தது ஊருக்கே தெரியும். அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பள்ளிக்கூட நாடகத்தில் ராணி வேஷம் கிசெல்லாவுக்குப் போனது. அறுவடை விழாவில் முதல் நடனமும் அவளுக்கே. அதையெல்லாம் யோலான் பொறுத்துக்கொண்டாள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாவல் எழுதிய குளிர்காலம் முழுக்க வெண்டல் வாடகைக்குத் தங்கியிருந்தது, புருஷனைப் பறிகொடுத்திருந்த யோலான் வீட்டில். எழுதியது அவளுடைய அடுப்படி மேஜையில். கிசெல்லாவோடு அவர் தெருவில் ரெண்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

போன வருடம் இதைத் துணிந்து தபால்காரரிடம் சொல்லிப் பார்த்தாள். வீணாக வயிற்றெரிச்சல் படாதீர்கள், உங்களைப் பார்த்தால் யாருக்குக் கதை எழுதத் தோன்றும் என்று கேட்டுவிட்டு அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அன்று அவள் சாப்பிடவே இல்லை.

வந்த பெண்ணின் பெயர் ஐலா. பின்லாந்துக்காரி. ஹங்கேரிய மொழியை நன்றாகவே பேசினாள். கிசெல்லா அவளை வாதுமை மரத்தடியில் உட்கார வைத்து, காபியும் கசகசா கேக்கும் கொடுத்தாள். யோலான் தன் முக்காலியை வேலியை ஒட்டி நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

அந்த நாவலைத் தன் மொழியில் பெயர்த்துக்கொண்டிருப்பதாக ஐலா சொன்னாள். ஒரே ஓர் இடத்தில் இரண்டு மாதமாக மாட்டிக்கொண்டு நிற்கிறாளாம். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாளாம்.

“புருஷன் கீழ விழுந்ததும், அவ அதே பானையிலேருந்து தனக்கும் ஒரு தட்டு சூப் ஊத்திக் குடிக்கிறா. அவளுக்கு ஒண்ணுமே ஆகலையே, ஏன் அத்தை?”

ஜெர்மன்காரர் அதை இரண்டு பானை என்று மாற்றிவிட்டாராம். பிரெஞ்சில் அந்த வரியையே காணோமாம். தனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை என்றாள் ஐலா.

கிசெல்லா கேக்கை நிதானமாக வெட்டினாள். வந்துபோனவர்களிடம் பொறுக்கி வைத்திருந்த ஒரு வார்த்தை அவளிடம் தயாராக இருந்தது.

“அதுக்குப் பேர்தான் அபத்தம்மா. இந்த மாதிரிக் கதையில போய்க் காரணம் கேக்கக் கூடாது.”

ஐலா பக்தியோடு தலையாட்டினாள். நோட்டைத் திறந்து, “அபத்தம், கிசெல்லா அத்தை சொன்னது” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

யோலான் எழுந்துவிட்டாள். மடியிலிருந்த செர்ரிப் பழங்கள் புல்லில் சிதறின. வேலிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அபத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மருந்து பானையில இருந்தாத்தானே?”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சூப்பு மேல புளிச்ச பாலாடை ஊத்திக்காம எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு. எனக்கு அது ஒத்துக்காது, தொடவே மாட்டேன். பாலாடைக் கிண்ணத்துலதான் கலந்து வச்சேன். எல்லாத்தையும் வெண்டல்கிட்ட சொன்னேன், கிண்ணத்தை மட்டும் எழுதிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். நல்ல மனுஷன், எழுதல.”

கிசெல்லாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. ஐலாவின் பேனாவும்தான்.

“ஏன் நிறுத்திட்டே? எழுதிக்கம்மா,” என்றாள் யோலான். “அவ பேரை அடிச்சிட்டு என் பேரை எழுது.”