பொம்மிக்குக் காவல்

பெட்டிக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் சடையாண்டி எழுந்து நின்றார்.

பெட்டிக்குள் இருப்பது பொம்மி. பள்ளிக்கூடத்து ரோபோ கிளப்பில் பிள்ளைகள் சேர்ந்து செய்தது. தக்காளியைக் கொட்டிவிட்டால் பழத்தை ஒரு கூடையிலும் காயை ஒரு கூடையிலும் பொறுக்கிப் போடும். காலையில்கூட ஹாலில் வைத்து ஓட்டினார்கள். ஒரு காயைக்கூடத் தப்பாக எடுக்கவில்லை.

இங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறது.

கோயம்புத்தூர் போட்டிக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் குருடாகிவிடுகிறது. காயைப் பழம் என்கிறது, பழத்தை விட்டுவிட்டு வெறுங்காற்றைப் பிடிக்கிறது. ஊருக்குத் திரும்பித் துடைத்துவைத்தால் மறுபடியும் பார்வை வந்துவிடுகிறது.

நடுவில் எவனோ கை வைக்கிறான். அதில் சடையாண்டிக்குச் சந்தேகமே இல்லை.

வராந்தாச் சுவரில் கிளப்பின் போட்டோக்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். முதல் வருஷத்துப் படத்தில் பேத்தி தமிழ்மதி கப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள். அந்த வருஷம் துணைக்குப் போனது மகன். சடையாண்டி கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத்துணி மறைப்போடு வீட்டில் கிடந்தார். தூசி தும்பு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் கண்ணுக்குக் கிட்ட வரக் கூடாது என்று டாக்டர் அதட்டி அனுப்பியிருந்தார்.

அடுத்த வருஷத்திலிருந்து துணைக்கு அவர்தான். அதற்குப் பிறகு மாட்டிய படம் எதிலும் கப்பு இல்லை. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி.

கப்பு வந்தது, கூடவே ஊரார் கண்ணும் வந்தது. வேறென்ன?

இந்த வருஷமும் தோற்றால் கிளப்பை மூடிவிட்டு அந்த அறையை பேண்டு செட்டுக்குக் கொடுத்துவிடுவதாகப் பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து, இந்த வருஷத்துக் கேப்டனான தமிழ்மதி தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அளைகிறாளே தவிர வாயில் வைப்பதில்லை.

அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாகத் தன் ஊர் அகரத்திலிருந்து வந்து பெட்டிக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார்.

கிளப்புப் பையன் முகேஷ்குமார் கையில் ஒரு துணியோடு வந்தான்.

"தாத்தா, செத்த தள்ளுங்க. கண்ணாடிய ஒருக்கா தொடச்சிட்டு மூடிர்றேன்."

"காலையிலதான தொடச்ச? அந்தத் துணியக் குடு இங்க."

வாங்கி உதறினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏ தமிழு, உங்க தாத்தா என் கர்சீப்ப மோந்து பாக்குறாரு!"

"உங்க சித்தப்பன் மகன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறான்னு எனக்குத் தெரியும்லே. அவனும் தான போட்டிக்கு வாரான்?"

தமிழ்மதி ஓடி வந்தாள். "தாத்தா, மானத்த வாங்காதீங்க."

பையன் துடைத்து முடிக்கும்வரை அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே மூடியைச் சாத்தினார்.

பெலிக்ஸ் வாத்தியார் வந்து கூப்பிட்டார். "ஐயா, வேன் வர்றதுக்குள்ள ரெண்டு இட்லி சாப்பிட்டிருவோம். அங்க போனா நேரே மேடைதான், ஓட்டிப் பாக்கக்கூட நேரம் தர மாட்டாங்க."

"பசிக்கல சார். நீங்க போங்க."

பசித்தது. சாம்பார் வாசம் வராந்தா வரைக்கும் வந்தது. ஆனால் போன வருஷம் தோற்றுவிட்டு வரும் வழியில் இதே வாத்தியார் தாராபுரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சிரித்துக்கொண்டே டீ குடித்தவர். தோற்றவன் எங்கேயாவது சிரிப்பானா?

எல்லாரும் போனார்கள்.

சடையாண்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தார்.

பொம்மிக்குப் பிள்ளைகள் முகம் வரைந்திருந்தார்கள். பெரிய பெரிய இரண்டு கண். வளைத்து எழுதிய புருவம். புருவத்துக்கு நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கறுப்புக் கண்ணாடி பதித்திருந்தது. எந்தப் பிள்ளைக்குத் தோன்றியதோ, சரியாகப் பொட்டு வைக்கிற இடத்தில்.

மடியை அவிழ்த்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தார். கருப்பசாமி கோயில் மை. நெய்யில் குழைத்தது. கன்னத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். சிஸ்டருக்கு இதெல்லாம் ஆகாது, வாத்தியாரும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். கறுப்பின்மேல் கறுப்பை வைத்தால் எவன் கண்ணுக்குத் தெரியப்போகிறது? இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

போன வருஷம் பயந்து பயந்து கொஞ்சமாக வைத்ததுதான் தப்பாகிவிட்டது.

மோதிர விரலில் தாராளமாக மையை எடுத்து, கண்ணாடி முழுக்க மூடும்படி அழுத்தி வைத்தார். "அப்பனே கருப்பா, எந்தக் கண்ணும் படாமப் பாத்துக்க."

மூடியைச் சாத்தி, கயிற்றைப் போட்டு இறுக்கிக் கட்டினார். விரலை வேட்டியின் உள்மடிப்பில் துடைத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பெலிக்ஸ் வாத்தியார் கை கழுவிய ஈரத்தோடு வந்தார்.

"கெளம்பலாமா ஐயா?"

சடையாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கெளம்பலாம். ஆனா மேடையில எறக்குற வரைக்கும் ஒரு பய இதத் தொடக் கூடாது."