ஏழாவது கையெழுத்து

"உண்மையைச் சொல்லு. இது யாரு போட்ட கையெழுத்து?"

வகுப்பு டீச்சர் ரேங்க் கார்டை மேஜைமேல் விரித்து, கடைசிக் கட்டத்தில் விரலை ஊன்றினார். எதிரே நின்ற எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்கப்பாதான் டீச்சர்."

"வாய் கூசாம பொய் வருது பாரு!"

வேறு யாராவது செய்திருந்தால்கூட டீச்சருக்கு மனசு ஆறியிருக்கும். இவள் வகுப்பின் முத்தெழுத்துக்காரி. எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தினமும் கரும்பலகையில் தேதியும் பாடத்தலைப்பும் எழுதுவது அவள்தான். அதை அழிக்க டீச்சருக்கே மனசு வராது.

இதற்கு முந்தைய ஆறு மாதாந்தரப் பரீட்சைகளிலும் முதல் மூன்று ரேங்குக்குள் வந்தவளை ஏழாவதில் கணக்கு காலை வாரிவிட்டது. நூற்றுக்குப் பத்தொன்பது. முந்தாநாள் கார்டை வாங்கியதும் பெஞ்சில் தலையைக் கவிழ்த்தவள், கடைசி மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. டீச்சர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு பரீட்சைதானே, குடியா முழுகிப் போச்சு? தைரியமா வீட்ல காட்டி கையெழுத்து வாங்கிட்டு வா" என்று தேற்றி அனுப்பினார்.

இன்று காலை கார்டு திரும்பி வந்தபோது அந்தக் கரிசனமெல்லாம் காணாமல் போய்விட்டது. மேலே ஆறு கட்டங்களிலும் ஆறு கையெழுத்துகள், உரித்து வைத்த மாதிரி ஒன்றுபோலவே, கடைசி எழுத்தின் வால் அழகாகச் சுழித்து. ஏழாவது மட்டும் கோழி கிளறியதுபோல் கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது. போதாக்குறைக்கு, கடைசிக் கட்டம் மட்டும் தெரியும்படி கார்டை மடித்து மடித்து நகத்தால் நீவிய தடம் வேறு.

"எதுக்கு இப்படி மடிச்சே?"

அவள் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. திருட்டுக் கை நடுங்காமல் என்ன செய்யும் என்று டீச்சர் முடிவுகட்டிவிட்டார்.

அந்தப் பள்ளியில் பெற்றோர் கையெழுத்தைப் பிள்ளைகளே போட்டால் டி.சி.தான். பெரிய டீச்சர் சொன்னால் சொன்னதுதான். போன வருஷம் இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு வேறு பள்ளி தேடிப் போனார்கள். "அவ அப்பாவை வரச்சொல்லுங்க. அவர் போட்டதில்லைன்னு தெரிஞ்சா இன்னைக்கே டி.சி. எழுதிடலாம்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

"அப்பாவுக்கு போன் பண்ணியாச்சு. வந்துட்டிருக்காரு."

அதுவரை கல்லாக நின்றவள் பதறிப்போனாள். "வேணாம் டீச்சர்! ராத்திரி பூரா ரொட்டி ஃபேக்டரில அடுப்புகிட்ட நிக்கறாரு. பகல்லதான் தூங்குவாரு. அப்பாவை எழுப்பவே கூடாது டீச்சர்."

"செய்யறப்போ இந்தப் பயம் எங்கே போச்சு?"

அரைமணியில் அப்பா வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. நேரே மகளிடம் போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு என்னங்க டீச்சர்? தாயில்லாத புள்ளைங்க. போன் வந்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லா பார்த்துச் சொல்லுங்க. பொண்ணைக் காப்பாத்தணும்னு மழுப்பாதீங்க." டீச்சர் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். "இது நீங்க போட்டதா?"

பேச்சுச் சத்தம் கேட்டுப் பெரிய டீச்சரும் வாசலில் வந்து நின்றார்.

அப்பா குனிந்து பார்த்தார். "நான் போட்டதுதாங்க. நேத்து நல்ல தூக்கத்துல இருந்தேன். என் காலைப் புடிச்சுக்கிட்டு, 'அப்பா, நான் ஃபெயிலாயிட்டேன்'னு ஓன்னு அழுதா. இத்தனை வருஷத்துல என்னை எழுப்புனதே இல்லீங்க. படுத்த வாக்குலயே போட்டேனா, கோணிக்கிச்சு. 'விடு பாப்பா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்'னு சொன்னேன். தப்புங்களா?"

டீச்சருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அப்படி ஒரு பேச்சை இட்டுக்கட்டிச் சொல்ல யாராலும் முடியாது. வாசலில் பெரிய டீச்சரின் முகமும் இளகியது.

"நான்தாங்க அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடு கண்ணு" என்று டீச்சர் அவள் தோளைத் தொட்டார்.

"அப்பா, வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்." அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்." செய்த தப்புக்குப் பரிகாரமாக நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும்போல் டீச்சருக்கு இருந்தது. கார்டின் மடிப்பையெல்லாம் பிரித்து அப்பாவின் கையில் கொடுத்தார். "இந்த ஒரு தடவைதாங்க சறுக்கிட்டா. மேல பாருங்க, எல்லாமே நல்ல மார்க்கு."

அப்பா விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தூக்கம் கலையாத அந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அடேயப்பா, முதல் ரேங்கு! அதுவும் ரெண்டு தடவை! சொல்லவே இல்லியே பாப்பா?"

"அப்பா, போலாம்ப்பா..."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பூரிப்போடு டீச்சரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"இதுக்கெல்லாம் யாருங்க கையெழுத்து போட்டது?"