வால் பட்ட கண்

பையைக்கூட இறக்கி வைக்காமல் அவள் கணவரின் முகத்தையே பார்த்தாள். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. மேலுதடும் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

“மாடு வாலால அடிச்சிருச்சு,” என்றார் அவர்.

மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தவள், ஒரு மாதம் கழித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். மேற்கொண்டு விசாரிக்க நேரமில்லை. அவள் பின்னாலேயே கால்நடை ஆய்வாளரின் பைக்கும் வாசலில் வந்து நின்றுவிட்டது.

மழை பொய்த்த வருஷம். மாடுகளுக்கும் தேன்பெட்டிகளுக்கும் அரசாங்கம் அவசர உதவி கொடுக்கிறது. ஆனால் உயிரோடு இருந்தால்தான். தேனீ செத்துப்போன பெட்டி கணக்கில் வராது.

மாடுகள் கணவருடையவை. தான் பட்டினி கிடந்தாலும் அவற்றை வாட விடமாட்டார்.

பெட்டிகள் அவளுடையவை. ஒற்றைப் பெட்டியில் தொடங்கி, ஈக்கூட்டத்தைப் பிரித்துப் பிரித்து, வேலியோரம் ஒரு வரிசையே உண்டாக்கி வைத்திருந்தாள். பூவே இல்லாத இந்த வெயிலில் சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் ஈக்கள் பிழைக்காது. புறப்படும் முன் அவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். மாடு முட்டினால்கூட வாங்கிக்கொள்கிறேன், அந்தப் பக்கம் மட்டும் என்னை அனுப்பாதே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். முரட்டுக் காளையைத் தனியாளாக இழுத்துக் கட்டுகிற மனுஷன், காதோரம் ஒரு ஈ பறந்தால் துண்டைச் சுழற்றிக்கொண்டு தலைதெறிக்க ஓடுவார்.

போனில் கேட்டபோதெல்லாம் பேச்சை மாட்டுக்குத் திருப்பினார். அவளும் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, பெட்டிகளை நினைத்து மகளுக்குத் தெரியாமல் அழுதிருக்கிறாள்.

ஆய்வாளர் தொழுவத்தில் ஒவ்வொரு மாட்டின் காதுவில்லையையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். அடுத்து தேன்பெட்டி என்றார். காலியாகத்தான் இருக்கும், நான் ஊரில் இல்லை என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஆய்வாளர் வேலியை நோக்கி நடந்துவிட்டார்.

முதல் பெட்டியின் மூடியை அவள் மனசில்லாமல் தூக்கினாள்.

கும்மென்று இரைச்சல் எழுந்தது.

உள்ளே அடுக்கிய மரச்சட்டங்களின் மேல் ஈக்கள் அப்பிக் கிடந்தன. நடுவில் ஒரு புட்டி தலைகீழாக நின்றது. கன்றுக்குப் பால் புகட்டுகிற புட்டி. வேறு மூடி போட்டு, அதில் ஆணியால் ஓட்டை குத்தியிருந்தது. பாகு சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது.

அடுத்த பெட்டியிலும் ஒரு புட்டி. அதற்கடுத்ததில், யாரையும் தொட விடாமல் அவள் சமையலறையில் பத்திரப்படுத்தியிருந்த கண்ணாடிப் புட்டி. ஒரு பெட்டிகூட விட்டுப்போகவில்லை.

“நீங்க ஊர்ல இல்லைன்னீங்களே, அப்ப யாரும்மா பாத்துக்கிட்டது?”

அவள் திரும்பிப் பார்த்தாள். தொழுவத்துத் தூணுக்குப் பின்னால் நின்றபடி, நல்ல கண்ணால் அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்ததும் சட்டென்று திரும்பி, பக்கத்தில் நின்ற மாட்டைத் தடவத் தொடங்கினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“மாடுதான் சார்,” என்றாள்.